மின்மிதிவண்டி: வசதியே சிக்கனம்

அலுவலகத்திற்கோ ரயில் நிலையத்திற்கோ மூச்சு வாங்காமல், வியர்வையின்றிச் சென்றுவர விரும்புவோர் இன்று மின்மிதிவண்டியை நாடுகின்றனர். பெட்ரோல் செலவு மிச்சமாகும் என்பதே பெரும்பாலோர் போடும் முதற்கணக்கு. ஆனால் உடலுக்குப் பொருந்தாத வண்டி சில வாரங்களில் மூலையில் நிறுத்தப்படும். ஓடாத வண்டி எதையும் மிச்சப்படுத்துவதில்லை. எனவே, விலைக்கு முன் வசதியை ஆராய்வதே சிக்கனமான வழி.

எதற்கு மாற்றாக வாங்குகிறோம்?

நாளொன்றுக்கு 10 கி.மீ., மாதத்தில் 25 நாட்கள், அதாவது 250 கி.மீ. பயணம் என்று கொள்வோம். வண்டியின் விலை ரூ.36,000 எனவும், மின்சாரம் யூனிட்டுக்கு ரூ.8 எனவும் வைத்துக்கொண்டால், மாத மின்செலவு ரூ.30-ஐத் தாண்டாது. லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் ஸ்கூட்டருக்கு, பெட்ரோல் ரூ.100 விலையில், மாதம் சுமார் ரூ.555 ஆகும். வீட்டில் ஏற்கெனவே ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கு மிச்சம் மாதம் ரூ.525 அளவே, போட்ட பணம் திரும்ப ஐந்தரை ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் பேட்டரியையே மாற்ற நேரிடலாம்.

ஒரு வழிக்கு ரூ.30 கொடுத்து ஷேர் ஆட்டோவில் செல்பவருக்கோ மாதம் ரூ.1,500 செலவு. அவருக்கு இரண்டே ஆண்டுகளில் பணம் திரும்பிவிடும். ஆனால் அவரும் பாதி நாட்கள் மட்டுமே வண்டியை எடுத்தால், அது நான்கு ஆண்டுகளாக நீளும். கணக்கு நிறைவேறுவது அன்றாடப் பயன்பாட்டில்தான்.

உடலுக்குப் பொருத்தம்

இருக்கையில் அமர்ந்து, பெடல் அடிநிலையில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். முதுகு நிமிர்ந்தும், மணிக்கட்டில் பாரம் விழாமலும் இருக்குமாறு கைப்பிடி உயர்ந்திருப்பது நன்று. சேலை, வேட்டி அணிவோருக்கும், காலைத் தூக்கிப் போட இயலாத மூத்தோருக்கும் மேல்பார் தாழ்ந்த வடிவமே ஏற்றது. சங்கிலி மூடியும் மட்கார்டும் அவசியம். குண்டும் குழியுமான சாலையில் முன்புற ஷாக் அப்சார்பரும் சற்று அகன்ற டயரும் உடல் அலுப்பைக் குறைக்கும்.

இவ்வண்டிகள் பல 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. மாடியில் குடியிருப்போர், பேட்டரியை மட்டும் கழற்றி எடுத்துச் சென்று மின்னேற்றம் செய்யக்கூடிய வண்டியையே தேர்வு செய்யலாம்.

மோட்டாரும் பேட்டரியும்

பெடல் சுழல்வதை மட்டும் உணர்ந்து மோட்டாரை இயக்கும் வகை ஒன்று. காலின் அழுத்தத்திற்கேற்ப உதவும் வகை மற்றொன்று. பின்னதில் வண்டி திடீரெனப் பாயாது. நெரிசலில் ஓட்டுவது எளிது. விலை மட்டும் கூடுதல். சண்டிகர் போன்ற சமதள நகரில் முதல் வகையே போதும். புனேயைப் போல் ஏற்ற இறக்கம் உள்ள ஊரில் கியருடன் கூடிய வண்டி காலுக்கு இதம்.

பேட்டரியின் கொள்ளளவை நாமே கணக்கிடலாம். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி 360 வாட்-மணி கொண்டது. பெடல் மிதித்துச் செல்கையில் கி.மீ.க்கு 12 வாட்-மணி எனக் கொண்டால் 30 கி.மீ. ஓடும். மிதிக்காமல் மோட்டாரை மட்டும் நம்பினால் தூரம் குறையும். விளம்பரத்தில் கூறும் தூரத்தை இவ்வாறு சரிபார்க்கவும். மாற்றுப் பேட்டரியின் விலையையும் உத்தரவாதக் காலத்தையும் எழுத்தில் பெறவும்.

சட்டம் கூறுவது

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்து, உரிய சோதனைச் சான்றும் பெற்ற வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. சிலர் வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தருவதாகக் கூறுவர், அதற்கு இணங்கலாகாது. வரம்பைக் கடந்த வண்டி பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனமாகிவிடும். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு முழுவதும் ஓட்டியவர் மீது விழக்கூடும்.

சட்டம் கட்டாயமாக்காவிடினும் ஹெல்மெட் அணிவது நலம். 18 முதல் 70 வயது வரையுள்ள வங்கிக் கணக்குதாரர்கள், ஆண்டுக்கு ரூ.20 பிரீமியத்தில் ரூ.2 லட்சம் வரை விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம்.

பணத்திற்கு வழி

பதிவுச் சான்று இல்லாததால், இவ்வண்டிக்கு வழக்கமான வாகனக் கடன் பெறுவது எளிதன்று. தனிநபர் கடனின் வட்டியோ கூடுதலாக இருக்கும். ரூ.36,000-ஐ 14 விழுக்காட்டில் 12 மாதங்களுக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.3,230; வட்டி மட்டும் ரூ.2,700-க்கு மேல். மாறாக, மாதம் ரூ.3,000 வீதம் ஓராண்டு தொடர் வைப்பில் செலுத்தினால் அதே தொகை சேர்வதுடன் வட்டியும் நமக்கே வரும். அவசரம் இல்லாதோருக்கு இதுவே உகந்தது.

வாங்குமுன், அன்றாடம் செல்லும் பாதையிலேயே, அலுவலகப் பையுடன், ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மறுநாளும் அதே வண்டியில் செல்ல மனம் விரும்புமாயின், அதுவே உங்களுக்குரிய வண்டி.