துணியில் தாடகை மலை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தேரூர்க் குளத்தங்கரையில் நின்றால் வயலும் தென்னையும் தோவாளைப் பக்கத்து மலைகளும் தெரிகிற காட்சியை, நேரில் பார்க்கிற மாதிரியே துணியில் தைத்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்கிறீர்கள். தையல் தெரியும், உஷா மிஷின் இருக்கிறது, படம் வரையத்தான் வராது என்று வருத்தப்பட்டும் எழுதியிருக்கிறீர்கள். இதே ஆசை இன்னும் பலருக்கு இருக்கும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

வரைய வராததைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த வேலைக்கு முதலில் வேண்டியது எது வெளிச்சம், எது இருட்டு என்று பிரித்துப் பார்க்கிற கண். பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம் என்று கடை கடையாக ஏறி நிறம் தேடுகிறவர்களின் படம் தட்டையாகவே நின்றுவிடுகிறது. ஒளியின் அளவு சரியாக இருந்தால் மலை ஊதாவாக இருந்தாலும் கண் அதை மலை என்று ஒப்புக்கொள்ளும். ஒளி தவறினால், நிறம் எவ்வளவு பொருந்தினாலும் அது ஒட்டுப்போட்ட துணியாகத்தான் தெரியும்.

வீட்டில் இருக்கிற துணியை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்புங்கள். பழைய காட்டன் சேலை, லுங்கி, வெளுத்த வேட்டி, லைனிங் துணி, தையல்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணி, எதையும் ஒதுக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அரக்குச் சிவப்பு ரவிக்கைத் துணியும் கரும்பச்சை லுங்கியும் ஒரே சாம்பல் நிறமாகப் போயிருக்கும். வேறு வேறு என்று நினைத்தவை ஒன்றாகவும், ஒன்று என்று நினைத்த இரண்டு பச்சைகள் எதிரெதிராகவும் நிற்கும். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு வெளிறியதிலிருந்து கருத்தது வரை ஏழு குவியலாகப் பிரியுங்கள். நிறம் கலந்து கிடக்கட்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் இதைச் செய்யாதீர்கள், ஏமாற்றிவிடும்.

அடுத்து, காட்சிக்குப் போவோம். நம் மாவட்டம் இந்தக் கலைக்கு அமைந்த இடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற மூலை இது. மலைக்கும் கடலுக்கும் நடுவே வயலும் குளமும் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் ஈரம் அதிகம். தூரத்து மலைக்கும் நம் கண்ணுக்கும் நடுவில் இருக்கிற காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. அந்தச் சிதறிய ஒளி மலையின் இருட்டின்மேல் ஒரு மெல்லிய போர்வை போலப் படிகிறது. அதனால் தூரம் கூடக்கூட மலை வெளிறும், நீலம் ஏறும், மேடுபள்ளம் மறையும். பூதப்பாண்டிப் பக்கம் போய்த் தாடகை மலையைப் பார்த்தால் பாறை வேறு, காடு வேறு என்று பிரிந்து தெரியும். அதே மலை நாகர்கோவிலிலிருந்து பார்க்கும்போது படுத்திருக்கிற ஒரு பெண்ணின் உருவமாக, ஒரே நிறத்தில் நிற்கும். ஆனி ஆடிச் சாரலில் பாதி மலையைக் காணவே காணாது.

துணியில் இதைக் கொண்டுவர ஒரு எளிய வழி இருக்கிறது. பிரிண்ட் போட்ட காட்டன் துணியைத் திருப்பிப் போடுங்கள். பின்பக்கம் மங்கலாக இருக்கும், டிசைன் பாதி கரைந்திருக்கும். அதுதான் உங்கள் தூரத்து மலை. முன்மலைக்கு அதே துணியின் நேர்ப்பக்கம். ஒரே துணியில் இரண்டு தூரம் கிடைத்துவிடுகிறது. மஞ்சு இறங்கிய மலை வேண்டுமானால் மேலே வெள்ளை நெட் துணியையோ ஆர்கண்டியையோ ஒரு மடிப்பு வைத்துத் தைக்கலாம். பலமுறை துவைத்து நைந்த சேலைக்கு இந்த வேலையில் தனி மதிப்பு. புதுத் துணியில் அந்தச் சாந்தம் வராது.

வானத்துக்கு ஒரே நீலத் துணியை வெட்டி வைத்துவிடாதீர்கள். உச்சியில் நீலம் அடர்ந்து, அடிவானத்தை நெருங்க நெருங்க வெளிறிக்கொண்டே வரும். வெள்ளை மல் துணியை நனைத்துப் பரப்பி, துணிக்குப் பூசும் பெயிண்டைத் தண்ணீராகக் கரைத்து, மேலிருந்து கீழே பிரஷ்ஷால் இழுத்தால் ஈரமே மிச்ச வேலையைச் செய்துவிடும்.

அடுக்குவது பின்னாலிருந்து முன்னால். முதலில் வானம், பிறகு தூர மலை, கிட்ட மலை, தென்னந்தோப்பு, வயல், கடைசியாகக் கரைப் புல். ஒவ்வொரு துண்டின் அடியும் முன்னால் வருகிற துண்டுக்குள் ஒரு அங்குலமாவது புதைந்திருக்க வேண்டும். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் ஃப்யூசிங் தாள் வைத்துத் துண்டுகளை நிறுத்திவிட்டு, பிறகு தைக்கலாம். மலை விளிம்பைக் கத்தரியை ஓடவிட்டு வெட்டுங்கள், போட்டோவை வைத்து ஒவ்வொரு மடிப்பையும் நகலெடுக்க வேண்டியதில்லை. தாடகை மலை மட்டும் விதிவிலக்கு. அந்த உருவம் இந்த ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். அதை மட்டும் போட்டோவிலிருந்து சரியாகத் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தென்னையில்தான் பலருக்கும் கை தடுமாறுகிறது. ஓலையை ஓலையாக வெட்டாதீர்கள். தூரத்துத் தோப்பு ஒரு கருத்த திட்டு. அதன் மேல்விளிம்பு மட்டும் பிசிறாக இருந்தால் போதும். கிட்டத்து மரத்துக்குக் கிராஸாக வெட்டிய துணி வளைந்து கொடுக்கும். அதன்மேல் நூலால் நடுநரம்பும் கீற்றும் ஓட்டுங்கள். வெயில் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தால் ஓலை மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும், உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் நீலம் கலந்த பச்சையாக அடங்கி நிற்கும். காட்சியில் சூரியன் எங்கே என்று முடிவு செய்யாமல் பச்சைத் துணியைத் தொடவே வேண்டாம். வயலுக்கும் இதுதான். எந்தப் பூ, அதாவது எந்தப் போகம், என்று முதலில் தீர்மானியுங்கள். மாசியில் அறுப்புக்கு நிற்கிற கும்பப்பூவின் வைக்கோல் நிறமும், கன்னிப்பூ நாற்றின் இளம்பச்சையும் வேறு வேறு படங்கள்.

தண்ணீர் கொஞ்சம் பொறுமை கேட்கும். சுசீந்திரம் தெப்பக்குளத்தில் கோபுரத்தின் பிம்பம் விழுவதைக் கவனித்துப் பாருங்கள். வெளிர்நிறக் கோபுரம் தண்ணீரில் ஒரு படி கருத்துத் தெரியும். கரையிலுள்ள கருத்த மரமோ தண்ணீரில் ஒரு படி வெளிறியிருக்கும். ஆகவே பிம்பத்துக்கு அதே துணியை வைக்காமல், உங்கள் ஏழு குவியலில் அடுத்த குவியலிலிருந்து எடுங்கள். பிறகு அதன்மேல் குறுக்காக, படுக்கைவசத்தில் நூல் ஓட்டுங்கள். கோடு ஒன்று சாய்ந்தாலும் குளம் சரிந்துவிடும்.

மிஷினைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதிது வாங்க வேண்டாம், காலால் மிதிக்கிற உங்கள் உஷாவே போதும். துணியைத் தள்ளுகிற பல்லை இறக்கிவிடுங்கள். இறக்க வழியில்லாத பழைய மிஷின் என்றால் பல்லின்மேல் எம்பிராய்டரித் தட்டு வைத்து மூடலாம். பாதத்தைக் கழற்றிவிட்டு, துணியை வளையத்தில் இறுக்குங்கள்; கையெம்பிராய்டரிக்குப் பிடிப்பதற்கு மாறாக, துணி வளையத்தின் அடிப்பக்கம் வந்து மிஷின் பலகையில் படிய வேண்டும். இனி வளையத்தை நகர்த்துகிற உங்கள் கைதான் தையலின் நீளத்தையும் திசையையும் முடிவு செய்யும். ஒன்றை மறக்கக் கூடாது: பாதம் இல்லாவிட்டாலும் பாதத்தைத் தூக்கி இறக்குகிற நெம்புகோலைக் கீழே இறக்கித்தான் தைக்க வேண்டும். அது மேலே நின்றால் மேல்நூலுக்கு இறுக்கம் இருக்காது, அடியில் நூல் சிக்கு சிக்காகத் திரளும். விரலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஊசிக்கும் விரலுக்கும் நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. மிதி மிஷினில் இப்படிப் பூவேலை செய்கிற தையற்காரர்கள் உங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே இருப்பார்கள். அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்வதை எந்த வகுப்பைவிடவும் மேலாக நினைக்கிறேன்.

நூல் நெருங்க நெருங்கத் துணி சுருங்கும். நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டே தொடங்குங்கள். எல்லாத் துணியையும் முன்பே துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மேல்துணி முடிந்த பிறகு நடுவில் பஞ்சு விரிப்போ பழைய ஃபிளானலோ வைத்து, அடித்துணி போட்டு, மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் மலை எழுந்து நிற்கும். தையல் ஓடிய இடம் அமுங்கும், விட்ட இடம் புடைக்கும். அதனால் வானத்தில் குறைவாகவும், முன்னணிப் புல்லில் நெருக்கமாகவும் தைப்பது என் வழக்கம்.

போட்டோவைத் துணியில் பிரிண்ட் போட்டு அதன்மேல் நூல் ஓட்டினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். ஆனால் அப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கேமரா பார்த்ததை அலங்கரிக்கிறீர்கள், நீங்கள் எதையும் பார்க்கவில்லை.

இது நமக்கு வெளியூர்ச் சரக்கு என்று உங்கள் வீட்டில் யாரோ சொன்னார்களாம். அந்தப் பேச்சு எனக்கு ஏற்பில்லை. நம் வெக்கைக்குப் பஞ்சு வைத்த போர்வை வேண்டியதில்லை, அதனால் அதைத் தைக்கிற வழக்கம் இங்கே வளரவில்லை, அவ்வளவுதான். துணியை வெட்டி ஒட்டி உருவம் தைப்பது தமிழ்நாட்டுக்குப் பழகியது. தேரில் தொங்கும் தொம்பைகளைத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இன்றும் அப்படித்தான் தைக்கிறார்கள். ஊசிவேலைக்கோ நம் மாவட்டத்தில் இருநூறு வருடக் கதை உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1821இல் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நாகர்கோவில் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் ஆளை விலைக்கு வாங்கி விற்ற காலம் அது. அடிமைமுறை அங்கே ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே, லேஸ் கூலியைச் சேர்த்து வைத்துத் தம்மை மீட்டுக்கொண்ட பெண்கள் இந்த ஊரில் இருந்தார்கள். மேலாடை உடுத்தும் உரிமைக்காக இந்தப் பக்கத்துப் பெண்கள் அடிபட்டதும் அதே ஆண்டுகளில்தான். அதற்கான அரசாணை வந்தது 1859இல். முளகுமூட்டுக்கு 1897இல் வந்த பெல்ஜியக் கன்னியாஸ்திரீகளும் அநாதைப் பிள்ளைகளுக்குக் கையில் ஒரு தொழிலாகக் கொடுத்தது ஊசியையும் நூலையும்தான்.

இந்தப் பெண்களை நினைக்கும்போது எனக்கு ஹாரியட் பவர்ஸ் நினைவுக்கு வருவார். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் காட்சிகளைத் துணித் துண்டுகளால் வெட்டி ஒட்டித் தைத்த அவருடைய இரண்டு விரிப்புகள் எஞ்சியிருக்கின்றன. ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனில், மற்றது பாஸ்டன் அருங்காட்சியகத்தில். பாஸ்டனில் உள்ளதில் 1833 நவம்பரில் வானமே உதிர்வது போல எரிநட்சத்திரங்கள் விழுந்த இரவைத் தைத்திருக்கிறார். அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. பெரியவர்கள் சொல்லக் கேட்டுத் தைத்த வானம். முதல் விரிப்புக்கு அவர் கேட்டது பத்து டாலர். கஷ்ட காலத்தில் ஐந்து டாலருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. நீங்களும் ஒருநாள் விற்கத் தொடங்கினால், துணிக்கு எவ்வளவு என்று மட்டும் கணக்குப் பார்க்காமல் உங்கள் நாட்களுக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள், சகோதரி.

மாட்டுவதற்கு, பின்பக்கம் மேல்விளிம்பில் பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரி ஒரு பட்டி தைத்து அதில் கம்பி நுழையுங்கள். வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். எடுத்து வைப்பதானால் மடிக்காமல் சுருட்டி, பழைய வேட்டியில் பொதியுங்கள்.

முதல் படத்தைப் பெரிதாகத் தொடங்காதீர்கள். பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குலம் போதும். குளத்தை அடுத்ததற்கு வைத்துக்கொள்ளுங்கள். இதில் வானம், இரண்டு மலை, ஒரு தென்னந்தோப்பு, ஒரு வயல் மட்டும். தைத்து முடித்ததும் கலரில் ஒன்றும் கறுப்பு வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு படம் எனக்கு அனுப்புங்கள். கறுப்பு வெள்ளையைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்