பின்னால் வருகிறவருக்கு நாலு வரி

பழனி மலை ஏற ஏறக்குறைய எழுநூறு படிகள். படியேற முடியாதவர்களுக்கு ரோப் காரும் வின்ச்சும் உண்டு. ஆனால் ரோப் கார் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக நிற்கும். ஆண்டுப் பராமரிப்பு என்றால் வாரக்கணக்கில் நிற்கும். காற்று பலமாக அடித்தாலும் நிறுத்திவிடுவார்கள். முழங்கால் வலியோடு வரும் ஒரு அம்மாவுக்கு இதுதான் முதலில் தெரிய வேண்டும். "அருமையான கோயில், மனசுக்கு நிம்மதி" என்று கூகுள் மேப்பில் குவிந்துகிடக்கும் வரிகளில் அவருக்கு ஒன்றும் இல்லை. "இன்று ரோப் கார் ஓடவில்லை, வின்ச் ஓடுகிறது, வரிசையில் ஒரு மணி நேரம் ஆயிற்று" என்று முந்தின நாள் போய்வந்தவர் எழுதிவைத்தால், அது அந்த அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போவதற்குச் சமம்.

முகம் தெரியாதவருக்காகக் காசு வாங்காமல் இப்படி எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எழுதலாம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். அவர்களைத் தடுத்துவைத்திருக்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

"ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதி என்ன ஆகப்போகிறது?"

சென்னை கோயம்பேடு பேருந்து நிலையம் 2002இல் திறந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் தென்மாவட்டப் பேருந்துகளுக்கு அதுதான் வாசல். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டு, தெற்கே போகும் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்டன. கோயம்பேட்டில் மதுரைப் பேருந்து எங்கே நிற்கும் என்று அக்கறையோடு எழுதப்பட்ட பழைய குறிப்புகள் எல்லாம் அதன்பின் வழிதவற வைக்கும் குறிப்புகளாகிவிட்டன. பழைய ஆயிரத்தைவிடப் போன வாரத்து ஒன்று பெரியது. குற்றாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் பேரருவி கொட்டும் படத்தைப் பார்த்துவிட்டு மார்ச்சில் குழந்தைகளோடு வந்து இறங்குகிறவர் பார்ப்பது பாறையைத்தான். மார்ச் மாதத்துப் படத்தை ஒருவர் "மார்ச்" என்று எழுதிப் போட்டிருந்தால் போதும். அழகில்லாத அந்தப் படம் ஒரு குடும்பத்தின் விடுமுறையைக் காப்பாற்றியிருக்கும்.

"நல்ல படம் என்றால் அழகான படம்."

எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் நம்பிக்கை இது. கோபுரத்தின் பின்னால் சூரியன் இறங்கும் படம் ஏற்கெனவே நூறு இருக்கும். வருகிறவருக்கு வேண்டியவை வேறு: நடை திறக்கும், சாத்தும் நேரம் எழுதிய பலகை, உணவகத்தின் விலைப்பட்டியல், பிரதான சாலையிலிருந்து சந்து பிரியும் திருப்பம், வண்டி நிறுத்தும் இடம், கழிப்பறையின் வாசல், அது இந்திய முறையா மேற்கத்திய முறையா என்பது, லாட்ஜின் மாடிப்படி, லிஃப்ட் இருக்கிறதா இல்லையா என்பது. இவற்றையெல்லாம் யாரும் படம் எடுப்பதில்லை. எடுத்தவர் செய்யும் உதவிக்கு அளவே இல்லை.

2010இல் பெர்லினில் 'வீல்மேப்' என்ற வரைபடம் தொடங்கியது. சக்கர நாற்காலியில் வாழும் ரவுல் க்ரவுட்ஹவுசனும் நண்பர்களும் தொடங்கியது. 2004இல் பிறந்த, தன்னார்வலர்கள் வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் கட்டியது. ஒரு கடைக்கு, ஒரு அலுவலகத்துக்கு, சக்கர நாற்காலி முழுக்க உள்ளே போகுமானால் பச்சை, ஓரளவுக்கு என்றால் ஆரஞ்சு, முடியாது என்றால் சிவப்பு. யார் வேண்டுமானாலும் குறிக்கலாம். வாசலில் ஒரே ஒரு படி இருக்கிறது என்பது நம் கண்ணுக்குச் செய்தியே அல்ல. அந்தப் படியைத் தாண்ட முடியாதவருக்கு அந்த இடத்தைப் பற்றிய மற்ற எல்லாச் செய்தியும் அதற்குப் பிறகுதான். நம் ஊரில் வாசலில் நின்று எடுத்த ஒரு நேர்ப்படம், படி எத்தனை, கைப்பிடி உண்டா, சாய்தளம் உண்டா என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிடும்.

"ரிவ்யூ எழுதினால் காசு கிடைக்கும்."

கிடைக்காது. கூகுள் 2015இல் தொடங்கிய 'லோக்கல் கைட்ஸ்' திட்டத்தில் கிடைப்பவை புள்ளிகள். ஒரு ரிவ்யூவுக்கு 10, ஒரு படத்துக்கு 5. ஒரு லட்சம் புள்ளி சேர்ந்தால் பத்தாம் நிலை, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம். அந்தப் புள்ளிகளை ரூபாயாக மாற்ற வழியே கிடையாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "வீட்டிலிருந்தே வேலை, இந்த ஓட்டலுக்கு 5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 150 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் செய்தி மோசடியின் முதல் படி. முதல் இரண்டு மூன்று தடவை பணம் உண்மையிலேயே வந்துவிடும். நம்பிக்கை வருவதற்காகவே அது வருகிறது. பிறகு ஒரு குழுவில் சேர்ப்பார்கள். "முன்பணம் கட்டினால் பெரிய டாஸ்க்" என்பார்கள். ஐயாயிரம் கட்டியவரிடம் அதை எடுக்க ஐம்பதாயிரம் கட்டச் சொல்வார்கள். படித்தவர்கள், வேலை தேடும் பிள்ளைகள், வீட்டிலிருக்கும் பெண்கள் எனப் பலரும் லட்சக்கணக்கில் இழந்திருக்கிறார்கள். இந்த வகை மோசடியில் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

பணம் போகாவிட்டாலும் அந்த 5 ஸ்டார் பொய்தான். அதை நம்பி யாரோ ஒருவர் இரவில் குடும்பத்தோடு அந்த லாட்ஜுக்குப் போய் நிற்பார். 2023இல் மட்டும் விதிமீறிய 17 கோடிக்கும் மேற்பட்ட ரிவ்யூக்களை கூகுள் தடுத்தது அல்லது நீக்கியது. காசு கொடுத்து எழுதவைத்தவற்றை வெளியிடக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையும் கொண்டுவந்தது. ஆனால் அது கட்டாயமாக வரவில்லை, விருப்பத்தின் பேரில் பின்பற்றுவதாகத்தான் வந்தது.

"ஸ்டார் அதிகம் இருந்தால் நல்ல இடம்."

லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் 2017இல் தான் குடியிருந்த தோட்டக் கொட்டகையை ட்ரிப்அட்வைசரில் உணவகம் என்று பதிந்தார். சாப்பாட்டுப் படங்களில் இருந்தது ஷேவிங் நுரை. நண்பர்கள் புகழ்ந்து எழுதினார்கள். சில மாதங்களில், ஒரு வாய்ச் சோறு பரிமாறாத அந்த இடம் லண்டனின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. படிக்கும்போது ஸ்டாரை விட்டுவிட்டுச் சொல்லைப் பாருங்கள். தேதி இருக்கிறதா, என்ன சாப்பிட்டார், எந்தத் தளத்தில் தங்கினார் என்று இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எழுதும்போதும் அவையே இருக்கட்டும்.

"குறை எழுதுவது பாவம். ஒருவர் வயிற்றில் அடிப்பதாகும்."

இந்தத் தயக்கம் நல்ல மனதிலிருந்து வருவது. அதில் நியாயமும் உண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். யெல்ப் என்ற ரிவ்யூத் தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடியது. பெரிய சங்கிலி நிறுவனங்களுக்கு அந்த விளைவு இல்லை, தனிக்கடைகளுக்குத்தான் இருந்தது. ஆக, நாம் அழுத்தும் ஒரு ஸ்டார் சின்னக் கடைக்காரரின் கல்லாவைத் தொடுகிறது.

அதற்காக வாயை மூடிக்கொள்வதா? குடிநீர் சரியில்லாத லாட்ஜைப் பற்றி நாம் பேசாமல் வந்தால், அடுத்து வருகிற குழந்தையின் வயிறு என்ன பாவம் செய்தது? சரிசெய்யக்கூடிய சிறு குறையை முதலில் நேரில் சொல்லலாம். பெரும்பாலான அண்ணாச்சிகள் காதுகொடுத்துக் கேட்பார்கள். எழுதுவதானால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எந்த நாள், எந்த வேளை, எது சரியில்லை. "திருட்டுப் பயல்கள்" என்று எழுதுவது யாருக்கும் உதவாது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக வைத்திருக்கிறது. பொது நன்மைக்காக உண்மையைச் சொல்வதற்கு அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது. "செவ்வாய் இரவு வெந்நீர் வரவில்லை, சொல்லியும் ஆள் வரவில்லை, அறை சுத்தமாக இருந்தது" என்பதில் கடைக்காரருக்கும் நியாயம் இருக்கிறது, வருகிறவருக்கும் செய்தி இருக்கிறது.

"ஆங்கிலத்தில் எழுதினால்தான் உதவும்."

தமிழிலேயே எழுதுங்கள். மற்ற மொழிக்காரர்களுக்கு மேப்பே மொழிபெயர்த்துக் காட்டிவிடும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு உங்களை விட்டால் ஆளில்லை.

"பொது இடம்தானே, எதையும் படம் பிடித்துப் போடலாம்."

2018 பிப்ரவரியில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு அந்தக் கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை வந்தது. மற்றக் கோயில்களிலும் தடை கொண்டுவரச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இருந்தும் மறைத்து எடுத்த படங்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. அருவியிலும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் குளித்துக்கொண்டிருக்கும் பெண்களின் முகம் பின்னணியில் விழுந்த படத்தைப் போடாதீர்கள். பள்ளிச் சீருடையில் நிற்கும் பிள்ளைகளின் படமும் வேண்டாம். காவலில்லாத பாறை ஓவியக் குகைக்கு நுணுக்கமாக வழி எழுதுவதற்கு முன் யோசியுங்கள். அடுத்து வருகிறவர் கையில் கரித்துண்டு இருக்கலாம்.

"எழுதிப் போட்டதோடு வேலை முடிந்தது."

போட்டதைத் திருத்தலாம். கடைக்காரர் வெந்நீர்க் குழாயைச் சரிசெய்துவிட்டால் அதையும் சேர்த்து எழுதுவது அவருக்கு நாம் தரவேண்டிய நியாயம். ஓய்வான ஒரு மாலையில் உங்கள் பழைய ரிவ்யூக்களைத் திறந்து பாருங்கள். மூடிப்போன மெஸ், இடம் மாறிய பேருந்து நிறுத்தம், விலை ஏறிய அறை என்று சில அகப்படும். மூடிய கடையை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று குறித்து அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாதவரை பசியோடு ஒருவர் அந்தத் தெருவுக்கு வந்துகொண்டேதான் இருப்பார்.