புளிப்பு மிட்டாயும் பிள்ளைகளின் பற்களும்



தேவார வகுப்பில் நன்றாகப் பாடிய பிள்ளைக்கு நாம் என்ன பரிசு கொடுக்கிறோம்? பெரும்பாலும் ஒரு மிட்டாய். அதிலும் இப்போ பிள்ளைங்க விரும்பிக் கேட்பது, மேலே வெள்ளைத் தூள் தூவிய புளிப்பு மிட்டாய். ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் என எங்கே போனாலும் கடையில் அது கைக்கெட்டும் தூரத்தில் தொங்குது. தோட்டத்தில் சம்பள நாளுக்குக் காத்திருந்து மிட்டாய் தின்ற காலம் போய், இன்று தினமும் கிடைக்கிறது.

இனிப்பு தின்றால் பல் சொத்தையாகும் என்று நமக்குத் தெரியும். வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லைத் துளைக்கிறது. ஆனால் புளிப்பு மிட்டாய்க்குக் கிருமியின் உதவியே வேண்டாம். சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் அதிலேயே இருக்கின்றன. ஆகவே உறையில் ‘சர்க்கரை இல்லை’ என்று போட்டிருந்தாலும் பல் தப்பாது.

பல்லின் மேல் இருக்கும் எனாமல்தான் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதில் சுமார் 96 விழுக்காடு தாது உப்புகள். ஆனாலும் வாயின் பி.எச். அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். புளிப்பு மிட்டாய் பலவற்றின் அளவு 2-க்கும் 3-க்கும் இடையில். கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு மாதிரி. பால் பற்களின் எனாமல் பெரியவர்களுக்கு இருப்பதில் பாதி கனம்தான். 6 வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லோ ஆயுசுக்கும் வேண்டியது. தேய்ந்துபோன எனாமல் மறுபடி வளராது. பல் கூசும், மஞ்சளாகத் தெரியும், ஓரம் உடையும்.

உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கும். அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். ஆசாம் போயை அரை மணி நேரம் கன்னத்தில் ஒதுக்கி வைத்தால் உமிழ்நீர் என்னதான் செய்யும்?

நாம் செய்யக்கூடியவை:

1. புளிப்பு தின்றால் சாப்பாட்டோடு தின்று முடிக்கட்டும். நாள் முழுக்கச் சப்ப வேண்டாம். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவு.
2. தின்றதும் தண்ணீரால் வாய் கொப்பளிக்கணும்.
3. உடனே பல் விளக்கக் கூடாது. இளகியிருக்கும் எனாமலைப் பிரஷ் தேய்த்துவிடும். அரை மணி நேரமாவது கழித்து, ஃபுளோரைடு பற்பசையால் விளக்கலாம்.
4. வகுப்பில் மிட்டாய்க்குப் பதிலாகச் சுண்டல், வாழைப்பழம், பென்சில் கொடுப்போம்.
5. பள்ளிக்கு வரும் அரசாங்கப் பல் மருத்துவக் குழுவைக் கண்டு பயப்படாமல் வாயைக் காட்டச் சொல்வோம்.

வகுப்பில் செய்து பாருங்கள்: ஒரு முட்டையைத் தண்ணீரிலும் இன்னொன்றை வினிகரிலும் ஒரு நாள் ஊற வையுங்கள். முட்டை ஓடும் பல்லும் ஒன்றல்ல; ஆனால் இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. வினிகரில் கிடந்த ஓட்டைப் பிள்ளைகளே தொட்டுப் பார்க்கட்டும். நம் பேச்சைவிட அது நன்றாகப் புரிய வைக்கும்.

உடம்பை ஆலயமாகக் கண்டவர் திருமூலர். அந்த ஆலயத்தின் வாசலில் இருக்கும் பற்களைக் காப்பதும் நம் தொண்டுதான்.

சிந்திக்க:
1. சொத்தைக்கும் அமிலத் தேய்மானத்துக்கும் என்ன வேறுபாடு?
2. அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் என்ன பரிசு கொடுப்பீர்கள்?