ஈரமறிந்து அரைப்போம்

மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கோதுமை மாவு முதலியவற்றை அரைத்துப் பொட்டலமிடும் சிறுதொழில் முனைவோர் பலர் பருவமழை மாதங்களில் சந்திக்கும் இடர் ஒன்றுண்டு. கோடையில் தடையின்றி இறங்கிய தூள், மழை தொடங்கியதும் கூம்புத் தொட்டியின் வாயில் அடைத்துக்கொள்கிறது. பொட்டலங்களின் எடை ஏறியிறங்குகிறது. இயந்திரம் நின்றாலும் கடனுக்கான வட்டி நிற்பதில்லை. ஆதலின், இதன் காரணத்தை ஆராய்வோம்.

உலர்ந்த மணல் விரலிடுக்கில் நழுவுகிறது. நனைந்த மணலோ பிடித்த வடிவில் நிற்கிறது. துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் நீர் நுண்ணிய பாலங்களாக அமைந்து, தன் பரப்பு இழுவிசையால் அவற்றைப் பிணைக்கிறது. துகள் சிறுக்கச் சிறுக்க அதன் எடை விரைந்து குறைகிறது; பிணைப்பு விசை அவ்வளவு விரைவில் குறைவதில்லை. எனவே, நைசாக அரைத்த தூளே முதலில் கட்டிதட்டுகிறது. பால் பவுடரிலோ, ஈரம் அதிலுள்ள பால் சர்க்கரையையே இளக்கி ஒட்டவைக்கிறது. மறுபுறம், அளவுமீறி உலர்ந்த சில தூள்கள் நிலைமின்னேற்றம் பெற்றுச் சுவரில் ஒட்டும்.

இதனை அளந்தறிய எளிய வழி உண்டு. அளவுக் குவளையில் 100 மில்லி குறிவரை தூளைத் தளர்வாக நிரப்பி, மேலும் இறங்காத வரை தட்டுவோம். முதல் அளவை இறுதி அளவால் வகுத்தால் வருவது ஹாஸ்னர் விகிதம். தூள் 85 மில்லிக்கு இறங்கினால் விகிதம் சுமார் 1.18, ஓட்டம் நன்று. 72 மில்லிக்கு இறங்கினால் சுமார் 1.39, தொட்டி அடைக்கும் என எதிர்பார்க்கலாம்.

உணவுப் பாதுகாப்பு விதிகள் மிளகாய்த்தூளுக்கு 11 விழுக்காடும், மஞ்சள்தூளுக்கு 10 விழுக்காடும் ஈரப்பத உச்சவரம்பாக வகுத்துள்ளன. 12 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ மஞ்சளை 10 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் எஞ்சுவது 97.8 கிலோ. குறைந்த 2.2 கிலோவை நட்டமெனக் கருதித் தயங்குவோர் உளர். அது விற்கத்தகாத நீரின் எடையே என்பதை உணர்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை மூன்று. அரைக்குமுன் மூலப்பொருளின் ஈரத்தை அளந்து உலர்த்துவோம். அரைத்த சூட்டோடு பொட்டலமிடாது ஆறவிடுவோம். இல்லையேல் சூட்டில் எழும் நீராவி உறைக்குள் குளிர்ந்து தூளைக் கட்டியாக்கும். ஆறிய தூளை மூடிய கலன்களில் காப்போம்.

ஆலைக்குத் திட்ட மதிப்பீடு தயாரிக்கையில் அரவை இயந்திரத்தோடு உலர்த்தியையும் ஈரப்பதமானியையும் சேர்த்தே கணக்கிடுவோம். பின்னர் அவற்றுக்கெனத் தனியே பொருள் தேடும் நெருக்கடி அதனால் தவிரும்.