முகமூடிக்குள் எழும் அச்சம்



வாய், நாக்கு, தொண்டை ஆகிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய் நம் நாட்டில் மிகுதி. புகையிலையும் பாக்கும் அதற்குப் பெருங்காரணங்கள். ஆலையிலும் துறைமுகத்திலும் உழைக்கும் மக்களிடையே இவ்விரண்டும் மலிந்திருத்தலை நாம் அறிவோம். மும்பையில் 1941ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் இந்நோய்க்குக் கதிர்ச்சிகிச்சை அளிக்கின்றனர். மக்கள் இதனைக் 'கரண்டு வைத்தல்' என்பர். உண்மையில் உடலில் மின்சாரம் பாய்வதில்லை. கதிர் பாயும்போது வலியும் இல்லை. ஆயினும் சிலர் முகமூடிக்கு அஞ்சி இடையிலேயே வீடு திரும்பிவிடுகின்றனர். இதுவே நாம் கவலை கொள்ளத்தக்கது. ஏனெனில், இடையில் நின்றால் எஞ்சிய நோயணுக்கள் மீண்டும் பெருகும்.

முகமூடி எதற்கு? தறியில் ஓர் இழை விலகின் துணி பழுதாகும். அதுபோலக் கதிர் சில மில்லிமீட்டர் விலகினாலும் நோய் தப்பும். உமிழ்நீர்ச் சுரப்பி, தண்டுவடம் முதலிய நல்லுறுப்புகள் தாக்குறும். ஆதலின் தலை நாள்தோறும் அதே நிலையில் அசையாதிருத்தல் வேண்டும்.

அதனைச் செய்வது எங்ஙனம்? துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி முகத்தின்மேல் படியவைப்பர். வெதுவெதுப்பான ஈரத்துணி போர்த்தியது போலிருக்கும். சில நிமிடங்களில் அஃது இறுகும். ஆறும்போது சற்றுச் சுருங்குமாதலால் பிடிப்பு மிகுந்ததாகத் தோன்றும், இஃது இயல்பே. பின்னர் வாரத்திற்கு 5 நாளாக, 6 அல்லது 7 வாரங்கள் அதனை அணிவித்து மேசையோடு பூட்டுவர். ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடங்களே ஆகும்.

அப்போது நெஞ்சு படபடக்கும். மூச்சடைப்பது போலத் தோன்றும். இதனை ஆலைச் சங்குக்கு ஒப்பிடலாம். தீப்பற்றினாலும் சங்கு ஊதும். எவரேனும் தவறிப் பொத்தானை அழுத்தினாலும் ஊதும். ஒலி ஒன்றே, தீ ஒன்றில் உண்டு, மற்றொன்றில் இல்லை. முகமூடிக்குள் எழுவது தீயில்லாச் சங்கு. துளைகளின் வழியே காற்று தடையின்றி வருகின்றது. அச்சம் ஏறி, உச்சம் தொட்டு, தானே தணியும். ஓடினால் மறுநாள் அது பெரிதாகி வரும்.

செய்யத்தக்கவை ஐந்து:

1. முகமூடி செய்யும் நாளுக்கு முன்பே, அடைபட்ட இடத்திற்கு அஞ்சுவதைக் கூறிவிடுக. இதில் நாணம் வேண்டா. இயலுமாயின் கண், வாய்ப் பகுதிகளைத் திறந்துவிடுவர்.

2. முகமூடிக்குள் பேசுதல் அரிது, கையோ தடையற்றது. கை உயர்த்தினால் நிறுத்துமாறு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்க. பணியாளர் வெளியில் நின்றாலும் காமிராவில் பார்த்துக்கொண்டே இருப்பர். கதிரை உடனே நிறுத்தவும், முகமூடியை விரைவிற் கழற்றவும் அவர்களால் இயலும். இந்தியோ மராத்தியோ அறியாதார்க்கும் இக்கைச்சைகை போதும்.

3. வீட்டில் பழகுக. மல்லாந்து படுத்து, முகத்தில் மெல்லிய துணியிட்டு, முதல் நாள் ஒரு நிமிடம், பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டுக.

4. நாம் பயிலும் ஆனாபானசதி இங்கே கைகொடுக்கும். மூச்சு உட்புகுதலையும் வெளியேறுதலையும் எண்ணுக, வெளிமூச்சை நீளவிடுக. அச்சத்தை விரட்ட முயலாது, 'அச்சம் எழுந்தது' என்று மட்டும் அறிக.

5. இவற்றாலும் அடங்காவிடின் மருத்துவரிடம் கேளுங்கள். மனம் அமைதியுற மருந்து தருவர். அன்று துணையொருவர் உடன் வருதல் வேண்டும்.

உடல் மெலிந்து முகமூடி தளர்ந்தாலும், வீங்கி இறுகினாலும் வாய்விட்டுச் சொல்லுக. தேவையாயின் புதிது செய்வர்.

இல்லத்தார்க்கும் ஒரு சொல்: 'இதற்கா பயம்?' என்று நகையாதீர். வாயில்வரை உடன் செல்லுங்கள். முடிந்த நாள்களை அவரோடு சேர்ந்து எண்ணுங்கள். நோயாளி ஒருவர் அம்மேசையினின்று எழுந்து ஓடாதிருக்க இப்பாடம் துணைசெய்யுமாயின், அதுவே இதன் பயன். இதனைப் படிக்க இயலாதார்க்குப் படித்துக் காட்டுவோமாக.