அலமாரியில் ஒன்று, கடையில் இரண்டு

கேள்வி: அப்பா இறந்து நான்கு மாதம் ஆகிறது. குன்னூர் வீட்டு இரும்பு அலமாரியில் இரண்டு இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இருக்கின்றன. ஒன்றில் ‘ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், லண்டன்’ என்ற பெயரும், குழலின் மேல் தங்கத்தில் ‘1’ என்ற எண்ணும் உள்ளன. மற்றதில் ஹேமர் வெளியே தெரிகிறது, குழல் முழுக்க அலை அலையாகக் கோடு. ‘பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்’ என்று பொறித்திருக்கிறது. தோட்டத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பிய ஒரு துரையிடம் தாத்தா வாங்கியவையாம். அப்பாவின் மேசையில் 2020-ஆம் ஆண்டு ரசீது ஒன்று கிடைத்தது. இன்னொரு ஹாலண்ட் வெளியூர்த் துப்பாக்கிக் கடை ஒன்றில் இருக்கிறது. விசாரித்தால், தானே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் சுடத் தெரியாது. லண்டனில் இருக்கும் தம்பி, அங்கே ஏலத்துக்கு அனுப்பிவிடலாம் என்கிறான். என்ன செய்வது?
- வாசகி, குன்னூர்

பதில்: கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் அம்மா. அவரிடம் உள்ள ஹாலண்டின் குழல் மேல் தங்கத்தில் ‘2’ இருக்கிறதா? இருக்கிறது என்றால் விலைப்பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். உங்களிடம் இருப்பது ஜோடி.

இங்கிலாந்தில் பறவைகளை விரட்டி வரச்செய்து சுடும் வேட்டையில், துரை ஒரு துப்பாக்கியால் சுடும்போது பின்னால் நிற்பவர் மற்றதில் தோட்டா போட்டு நீட்டுவார். கை மாறுவது தோளுக்குத் தெரியக் கூடாது. அதனால் ஒரே எடை, ஒரே கட்டை அளவில் இரண்டாகச் செய்து 1, 2 என்று எண் போட்டார்கள். இரண்டும் சேர்ந்தே இருந்தால் வரும் விலை, தனித்தனியாக விற்று வரும் தொகையைவிட நன்றாகவே கூடுதல். 2-ஐ மட்டும் வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து 1-க்கு உங்களிடம் வருபவர் முட்டாள் அல்ல.

ஜோடி ஏன் பிரிந்தது என்பதற்கு விடை ரசீதிலுள்ள ஆண்டிலேயே இருக்கிறது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. மிகுதியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. உங்கள் அப்பா சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒப்படைத்திருக்கிறார். விலை தெரிந்தவர் மெட்ராஸ் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஜோடியை வைத்திருப்பார். உங்கள் அப்பாவோ அதைக் கொடுக்கவில்லை. கைக்குப் பழகியது அதுவாக இருந்திருக்கும்.

இனி அவசரமான சங்கதி. லைசென்ஸ் அப்பாவின் பெயரில் இருந்தது. அவருக்குப் பின் அந்த இரண்டும் வீட்டில் இருப்பது உரிமம் இல்லாமல் வைத்திருப்பதாகும். நான்கு மாதமே அதிகம். முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, அங்கேயோ, பாதுகாப்பில் வைக்க உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படையுங்கள். மிஞ்சிய தோட்டாக்களையும் சேர்த்துத்தான். என்னைக் கேட்டால் நல்ல டீலர் மேல். ஸ்டேஷன் அறையின் ஈரம் ஒரே மழைக்காலத்தில் குழலைத் தின்றுவிடும். ‘இரட்டைக்குழல் துப்பாக்கி, 2’ என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்காதீர்கள். தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், குழல் நீளம், கட்டையில் உள்ள கீறல் வரை எழுதச் சொல்லுங்கள். படமும் எடுத்து வையுங்கள்.

ஒப்படைத்தால் கைவிட்டுப் போகும் என்று பயப்பட வேண்டாம். உரிமம் உள்ள ஒருவருக்கு விற்று, பணத்தைப் பெற வாரிசுக்குச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் அதற்குக் கெடு உண்டு. தாண்டினால் அரசுடைமை ஆகலாம். 2020-இல் போன ஹாலண்ட் இன்று எந்தப் பதிவில், யார் பெயரில் நிற்கிறது என்பதைக் கலெக்டர் ஆபீஸில் எழுத்துமூலம் கேளுங்கள். இதற்கு மட்டும் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளலாம்.

மதிப்பீட்டுக்கு வருவோம். எதையும் துடைக்காதீர்கள். பித்தளைப் பாத்திரம் போலப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்த துப்பாக்கிகளைப் பார்த்து நான் வயிறெரிந்திருக்கிறேன். உருக்கின் மேலுள்ள பழைய நிறமும் மெல்லிய செதுக்கு வேலையும்தான் பணம். உப்புத்தாள் ஐந்து நிமிடத்தில் அதைக் கொண்டுபோய்விடும். பக்கவாட்டுத் தகட்டில் சின்னக் கைப்பிடி தெரிந்தால், அது தகட்டைக் கையாலேயே கழற்ற ஹாலண்ட் நிறுவனம் 1908-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. திருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

வரிசை எண் விசைக்காப்பின் வாலிலும், குழலின் அடித்தட்டையிலும், முன்கட்டையின் இரும்பிலும் இருக்கும். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் ஏதோ பாகம் மாற்றப்பட்டிருக்கிறது. அந்த எண்ணைக் கொடுத்தால், எந்த ஆண்டு, எந்த அளவில் செய்தது என்பதைப் பழைய பேரேட்டிலிருந்து எடுத்துத் தர நிறுவனத்துக்கே எழுதிக் கேட்கலாம். தோல் பெட்டியும் உள்ளே ஒட்டிய கடைச்சீட்டும் பரணில் கிடக்கின்றனவா என்று தேடுங்கள்.

குழலைப் பொறுத்தவரை கண்ணை நம்பாதீர்கள். வெளியே அழகாக இருப்பது உள்ளே குழிவிழுந்திருக்கும். துருவை எடுக்கக் கடைந்து கடைந்து சுவர் மெலிந்திருக்கும். அளவி வைத்துப் பார்ப்பவர்தான் மதிப்பீட்டாளர். சுவர் எங்காவது அரை மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் விலை சரியும். குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். பொத்தென்று கேட்டால் இரு குழல்களையும் இணைக்கும் பற்று விட்டிருக்கிறது.

மெட்ராஸ் துப்பாக்கியில் உள்ள அலைக்கோடு டமாஸ்கஸ் குழல். இரும்பும் உருக்கும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்தது. பி. ஆர் கடிகாரத்துக்குப் பேர்போன கடை. இப்படி ஊர்க்கடைப் பெயரோடு வந்தவற்றில் பலவும் பர்மிங்ஹாம் பட்டறைகளில் பிறந்தவை. கரிமருந்துக் காலத்தது என்றால் இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. ஹாலண்டிலும் பழைய 65 மி.மீ. அறையா, பின்னாளில் வந்த 70-ஆ என்று பார்க்காமல் யாரும் சுட்டுப் பார்க்க விடாதீர்கள்.

தம்பியின் யோசனை நடக்காது. ஆயுத ஏற்றுமதிக்குத் தனி உரிமம் வேண்டும். நூறு வயதைத் தாண்டியிருந்தால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே லண்டன் ஏலப் பட்டியலைப் பார்த்து விலை போடாதீர்கள். இங்கே கணக்கே வேறு. 1980-களின் நடுவிலிருந்து, விளையாட்டு வீரர்களைத் தவிரத் தனியாள் துப்பாக்கி வரவழைப்பது ஏறக்குறைய நின்றுபோனதால், உள்ளே இருக்கும் சீமைத் துப்பாக்கிக்குக் கிராக்கி. அதே சமயம் ஜோடியை வாங்குபவரின் லைசென்சில் இரண்டு இடமும் காலியாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். இரண்டு மூன்று டீலர்களிடம் எழுத்தில் விலை வாங்குங்கள், காத்திருங்கள். தனியாருக்கு நேரே விற்பதென்றால், வாங்குபவரின் பெயர் முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக்கொடுத்து 45 நாள் கழிய வேண்டும்.

விற்க மனமில்லை என்றால், 21 வயது நிரம்பிய வாரிசு ஒருவர் மற்றவர்களின் ஆட்சேபமில்லாக் கடிதத்தோடு தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். வாரிசுக்கும் இரண்டுதான் உச்சவரம்பு. இந்த முறையாவது மெட்ராஸ் துப்பாக்கியை விட்டுவிட்டு ஜோடியைச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய துப்பாக்கியின் குழலடியில் ஆங்கிலத்தில் ‘நாட் ஃபார் பால்’ என்று இருக்கிறது. என் மனைவி சிரிக்கிறாள்.
- வாசகர், ஏற்காடு

பதில்: மாட்டுக்கொட்டகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வாய்ப்பக்கம் குறுகலாகக் கடைந்த குழலில் ஒற்றைக் குண்டு போட்டுச் சுடாதே என்று இங்கிலாந்துச் சோதனைச் சாலைகள் அடித்த முத்திரை. 1875 முதல் 1887 வரைதான் அதை அடித்தார்கள். உங்கள் துப்பாக்கியின் வயது தெரிந்துவிட்டது.

கேள்வி: மாமனார் வீட்டுச் சுவரில் ஒரு கேப்புத் துப்பாக்கியும் இரண்டு மான் தலைகளும் மாட்டியிருக்கின்றன. பழையதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே?
- வாசகர், வால்பாறை

பதில்: வயது மட்டும் போதாது. பழங்கால வகையாகவோ சீர்கெட்டதாகவோ இருப்பதோடு, பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருந்தால்தான் சட்டம் விட்டுவிடும். உங்களுடையது ஒரு கொல்லன் அரை நாளில் சரிசெய்யக் கூடியதாக இருந்தால் அது துப்பாக்கியேதான். மான் தலைகளுக்கு வனத்துறையின் உடைமைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். சான்று இருந்தாலும் அவற்றை விற்க முடியாது. துப்பாக்கியோடு சேர்த்து விலை பேசுகிறவர் வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.