ஏழாவது மாடிக்குப் போகிறாள் குட்டிப் பாப்பா

கேள்வி: இரண்டரை வயது மகளுடன் அடுத்த மாதம் ஏழாவது மாடி ஃபிளாட்டுக்குக் குடிபோகிறோம். சாமான் ஏற்றுவதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்? - வாசகி, சென்னை.

பதில்: முதலில் பால்கனி, ஜன்னல்.

நியூயார்க் நகரில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தை வசிக்கும் அடுக்குமாடி வீட்டு ஜன்னல்களில் தடுப்புக் கம்பி பொருத்துவது 1976 முதல் சட்டம். கம்பிகளுக்கு இடைவெளி நாலரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அந்த அளவை நம் வாசகியும் டேப்பால் அளந்து பார்க்கலாம். புறாவுக்குக் கட்டும் நைலான் வலை குழந்தையின் எடையைத் தாங்கும் என்று நம்பவேண்டாம். இரும்பு கிரில்தான் சரி. செடித்தொட்டி, நாற்காலி, பழைய பேப்பர் கட்டு எதுவும் கைப்பிடிச் சுவரோரம் இருக்கக் கூடாது. ஏறிவிடுவார்கள்.

அடுத்து பாத்ரூம். சில அங்குலத் தண்ணீரிலேயே தவழும் குழந்தை மூழ்கக்கூடும் என்பதால், பக்கெட்டைக் காலிசெய்து கவிழ்த்து வைப்பது நல்லது. உள்தாழ்ப்பாளைக் குழந்தைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்ற ஒரு கார்பென்டர் போதும்.

இழுப்பறை அலமாரியைச் சுவரோடு திருகிவிட வேண்டும். குழந்தைகள் மீது சாய்ந்து உயிரிழப்புகள் நேர்ந்ததால், 2016இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் லட்சக்கணக்கான அலமாரிகளைத் திரும்பப் பெற்றது.

புது பெயின்ட் வாசனை போகும்வரை ஜன்னல்களைத் திறந்து வைத்து, பிறகு குடிபோகலாம். தடுப்பூசி அட்டை, மருந்து, பாப்பா கட்டிப்பிடித்துத் தூங்கும் போர்வை மூன்றும் லாரியில் ஏறாமல் அம்மாவின் கைப்பையிலேயே வரட்டும். டயப்பரை நிறுத்துவது, ப்ரீகேஜியில் சேர்ப்பது இரண்டையும் சில வாரம் தள்ளிவைக்கலாம்.